நோட்டுல நம்பர் ஏன் போட்டீங்க?

"அப்பா, அந்த நோட்டுல நம்பர் ஏன் போட்டீங்க?" என்று என் மகள் கேட்டு ஐந்து மாதம் ஆகிறது. ராத்திரி சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே கேட்டாள். அவள் பள்ளிக்கூடத்துக்குள் மட்டும் புழங்குவதற்காக நான் வரைந்து கொடுத்த பாராட்டுப் பண நோட்டைத்தான் சொன்னாள். "நோட்டுன்னா நம்பர் இருக்கும்லம்மா" என்றேன். சரி என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். அதற்கப்புறம் காலண்டர் சீசன் முழுக்க ஓடி முடிந்தது, பொங்கல் வந்து போனது, ஆனால் அன்றைக்கு நான் சொன்ன பதில் தப்பு என்பது மட்டும் மனதை விட்டுப் போகவே இல்லை. எழுதினாலாவது தெளியுமா என்று பார்க்கிறேன்.

நான் சிவகாசியில் டிசைன் வேலை பார்க்கிறவன். காலண்டர், பட்டாசு லேபிள், கல்யாணப் பத்திரிகை, பில் புக் என்று எது வந்தாலும் செய்வேன். போன வருஷம் மே மாதம் மகள் படிக்கும் பள்ளியிலிருந்து முதல்வர் கூப்பிட்டார். பிள்ளைகளைப் பாராட்ட ஒட்டுகிற ஸ்டார் ஸ்டிக்கர் அலுத்துப்போய்விட்டது, அதற்குப் பதிலாகப் பள்ளிக்கென்று சொந்தமாக ஒரு பணம் வேண்டும், பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம், ஆசிரியர்களுக்கும் கொடுக்கலாம், நீங்கள்தான் வரைந்து தர வேண்டும் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இருபது வருஷமாக அடுத்தவர்கள் தூக்கிப் போடப்போகிற தாளுக்கெல்லாம் டிசைன் பண்ணியிருக்கிறேன். பிள்ளைகள் பென்சில் பாக்ஸுக்குள் பத்திரப்படுத்தப்போகிற ஒரு தாளை வரைவது எப்படிப்பட்ட சந்தோஷம்! காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், பேப்பர் செலவு மட்டும் போதும்.

மணி

பெயரைப் பிள்ளைகளே முடிவு பண்ணட்டும் என்று ஓட்டெடுப்பு வைத்தார்கள். 'முத்து' ஜெயிக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் மேடையேறி, "நெல்லும் மணி, ஸ்கூல் பெல்லும் மணி, இங்கிலீஷ்ல காசும் மணி, அப்ப இதுக்கும் மணிதானே?" என்று கேட்டதோடு விஷயம் முடிந்துவிட்டது. அடுத்த ஒரு வாரம் பள்ளி முழுக்க ஒரே பேச்சு. உன்கிட்ட எத்தனை மணி என்று ஒருவன் கேட்பான், பத்து மணி என்பான் இன்னொருவன், அப்ப தூங்கலையா என்பான் மூன்றாமவன்.

குறியீடு வேண்டும் என்றார்கள். நம் ரூபாய்க் குறியீட்டை வரைந்த உதயகுமார் தமிழ்நாட்டுக்காரர், 2010-இல் மத்திய அரசு அதை ஏற்றுக்கொண்டது, தேவநாகரி 'ர'வையும் ரோமன் 'ஆர்' எழுத்தையும் கலந்து அவர் வரைந்த கதையைப் பிள்ளைகளிடம் சொல்லி, நீங்களும் வரையுங்கள் என்று தாள் கொடுத்தேன். வந்ததில் ஒன்றை மறக்கவே முடியாது. நான்காம் வகுப்புச் சிறுமி 'ம' எழுதி அதன் சுழிக்குள் ஒரு புள்ளி வைத்திருந்தாள். அது என்ன புள்ளி என்றால், மணியோட நாக்கு என்றாள். அதையே எடுத்துக்கொண்டேன். பின்பக்கத்தில் ௧, ௨, ௫, ௰ என்று தமிழ் எண்களைப் பெரிதாகப் போட்டேன். பத்துக்கென்று தனி எழுத்து இருப்பதே பல பிள்ளைகளுக்கு (சில ஆசிரியர்களுக்கும்) அப்போதுதான் தெரிந்தது. முதலில் ஐம்பது மணி நோட்டும் வரைந்திருந்தேன். இரண்டாம் வகுப்பு டீச்சர் பார்த்துவிட்டு, "சார், என் பிள்ளைங்களுக்கு இன்னும் கடன் வாங்கிக் கழிக்கவே வரல, ஐம்பதைக் கொடுத்துட்டு மீதி எப்படி எண்ணுவாங்க?" என்றார். எடுத்துவிட்டேன். பார்வை குறைவான மாணவன் ஒருவன் இருக்கிறான். நம் நூறு ரூபாய் நோட்டின் ஓரத்தில் தடவிப் பார்த்தால் தெரிகிற மாதிரி நான்கு கோடுகளும் ஐந்நூறில் ஐந்து கோடுகளும் இருக்குமே, அதற்கு ஈடாக நான் மூலைகளை வெட்டினேன். ஒன்றுக்கு ஒரு மூலை, இரண்டுக்கு இரண்டு, ஐந்துக்கு மூன்று, பத்துக்கு நான்கு. அவன் முதல் நாளே சட்டைப்பைக்குள் கையை விட்டு எடுக்காமலேயே எண்ணிக் காட்டினான்.

மணியை வைத்துச் சனிக்கிழமைக் கடையில் என்ன வாங்கலாம் என்றால், பென்சில் 5 மணி, ஒரு நாள் முழுக்க விருப்பப்பட்ட தோழன் பக்கத்தில் உட்கார 10 மணி, ஒரு நாள் பள்ளி மணியை அடிக்க 40 மணி. பென்சிலை யாரும் சீண்டவில்லை. எல்லோருக்கும் மணி அடிக்கத்தான் ஆசை, எல்லோரும் சேர்த்து வைக்க ஆரம்பித்தார்கள். மூன்றாவது வாரமே ஆசிரியர்கள் கையில் கொடுக்க நோட்டு இல்லை, கடையில் வாங்க ஆள் இல்லை. எனக்கு இது எங்கேயோ கேட்ட கதையாக இருந்தது, தேடிப் பார்த்தேன். 1970-களில் வாஷிங்டனில் நூற்றைம்பது குடும்பம்போலச் சேர்ந்து, ஒருவர் குழந்தையை ஒருவர் பார்த்துக்கொள்வதற்குச் சீட்டு அடித்துப் புழங்கினார்கள். ஒரு சீட்டுக்கு அரை மணி நேரம் என்று கணக்கு. எல்லோரும் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று சீட்டைச் சேர்த்து வைத்ததில் வெளியே போவோர் குறைந்து, அதனாலேயே குழந்தை பார்த்துச் சீட்டுச் சம்பாதிக்கும் வாய்ப்பும் குறைந்து, சங்கமே படுத்துவிட்டது. கூடுதலாகச் சீட்டு அடித்துக் கொடுத்ததும் எழுந்துகொண்டது, அப்புறம் அளவு மீறி அடித்து வேறு வம்பில் மாட்டிக்கொண்டார்கள். சரி என்று நாங்களும் இன்னொரு கட்டு அடித்தோம், நாலைந்து மணிக்கு வாங்குகிற மாதிரி சின்னச் சின்ன ஆசைகளைக் கடையில் சேர்த்தோம். ஓடியது. பிள்ளைகளுக்கான மணியைப் பற்றி எனக்கு இன்றைக்கும் பெரிய வருத்தம் இல்லை.

நான் சொல்ல வந்தது இன்னொரு நோட்டைப் பற்றி. அதை 'நன்றி மணி' என்று அழைத்தோம். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பருவத்துக்கு இரண்டு நோட்டு. அதைத் தனக்கென்று செலவழிக்க முடியாது, எந்த ஆசிரியருக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறதோ அவரிடம் கொடுக்க வேண்டும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியர் 25 நன்றி மணி சேர்த்து ஆபீசில் கொடுத்தால் சாயங்காலம் பள்ளி பஸ் பக்கம் போய் நிற்கிற பஸ் டூட்டியிலிருந்து ஒரு வாரம் விடுதலை, 40 சேர்த்தால் அரை நாள் பெர்மிஷன். ஆசிரியருக்கும் யாராவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டாமா என்று முதல்வர் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. என் அம்மாவும் டீச்சர்தான். முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அன்றைக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள், அது போக வேறெதுவும் வீட்டுக்கு வந்து நான் பார்த்ததில்லை. அதனால் நன்றி மணியைத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அழகாக வரைந்தேன். வெளிர் மஞ்சள், ஓரமெல்லாம் கம்பிக் கோலம், நடுவே திறந்த உள்ளங்கை.

டிரெடிலில் ஒரு மதியம்

அச்சடித்துக் கொடுத்த அண்ணாச்சிக்கு என் அப்பா காலத்திலிருந்தே பழக்கம். வேலையைப் பார்த்ததும் முதலில் அவர் கேட்டது, "தம்பி, ரூபா நோட்டு மாதிரி இருக்காதுல்ல?" என்பதுதான். ரூபாய் நோட்டோடு குழப்பிக்கொள்கிற மாதிரி தாள் அடிப்பது பழைய தண்டனைச் சட்டத்திலும் குற்றம், புதுச் சட்டத்திலும் குற்றம், சிவகாசியில் பிரஸ் வைத்திருக்கிற எவருக்கும் அது தெரியும். காந்தி இல்லை, அசோகத் தூண் இல்லை, அளவு வேறு, தாள் சாதாரண 90 ஜிஎஸ்எம் மேப்லித்தோ என்று காட்டினேன். 12-க்கு 18 அங்குலத் தாளில் இருபது நோட்டு உட்காருகிற மாதிரி அளவு வைத்திருந்தேன், வேஸ்ட் கொஞ்சம்தான், அதைப் பார்த்து அவருக்குத் திருப்தி.

நம்பர் போட வேண்டும் என்றது நான். முதல்வர் கேட்கவில்லை, ஆபீஸ் கேட்கவில்லை, நான்தான் கேட்டேன். ரிசர்வ் வங்கி 2015-இலிருந்து நோட்டில் வரிசை எண்ணை இடமிருந்து வலமாகப் போகப் போகப் பெரிதாக்கி அச்சிடுகிறது, உங்கள் பையில் இருக்கிற நோட்டையே எடுத்துப் பார்க்கலாம். எனக்கு அந்த வளர்கிற எண் ரொம்பப் பிடிக்கும். அதே மாதிரி வேண்டும் என்றேன். அண்ணாச்சி சிரித்தார். "நம்பரிங் பிளாக்ல எல்லா எண்ணும் ஒரே சைஸ்தான் தம்பி, பில் புக்குக்கு என்ன போடுறோமோ அதுதான் வரும்." பரவாயில்லை, போடுங்கள் என்றேன். நம்பர் இல்லாத நோட்டு லாட்டரி நோட்டீஸ் மாதிரி இருக்கும், நம்பர் விழுந்தால்தான் தாளுக்கு உயிர் வரும் என்று அவரிடம் ஒரு பிரசங்கமே செய்தேன். கள்ள நோட்டு பயமும் இருக்கிறது, கலர் ஜெராக்ஸ் எடுத்துவிடுவார்கள் என்று ஒரு காரணத்தையும் சேர்த்துக்கொண்டேன்.

மூலையில் கிடந்த பழைய டிரெடில் அச்சு மெஷினைத் துடைத்து, நம்பரிங் பிளாக்கை மாட்டி, சிவப்பு மை போட்டார். வெட்டி அடுக்கிய நோட்டுகளை ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும். தட்டு வந்து அழுத்தும், பிளாக்கில் கடைசிச் சக்கரம் ஒரு பல் தள்ளிக்கொள்ளும், 0001, 0002, 0003. எண்ணூறு நோட்டு. மதியம் இரண்டிலிருந்து ஆறு வரை பக்கத்திலேயே நின்று பார்த்தேன். 0099 முடிந்து 0100 விழும்போது மூன்று சக்கரம் ஒன்றாகத் திரும்புகிற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்பதற்கே நிற்கலாம். நோட்டைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் எண் லேசாகப் புடைத்துக்கொண்டு விரலுக்குத் தட்டுப்பட்டது. கட்டுக் கட்டாகக் கட்டியதும் நானே அடுக்கினேன். பத்து செக்ஷன், ஒரு செக்ஷனுக்கு நாற்பது பேர், ஆளுக்கு இரண்டு. 6ஏ-வுக்கு 1 முதல் 80, 6பி-க்கு 81 முதல் 160. வரிசை எண் ஒன்றுக்கு முதல் இரண்டு நோட்டு, இரண்டுக்கு அடுத்த இரண்டு. கொடுப்பவர்களுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று ஒரு தாளில் எழுதியும் வைத்தேன். அந்தத் தாள்தான் பின்னால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏறியது.

417

காலாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்த வாரம். ஆசிரியர்கள் ஆபீசில் கொடுத்த நன்றி மணிகளின் எண்களைக் கிளார்க் ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருந்தார். அது அவர் வேலை, நோட்டு திரும்பி வந்தால் எழுதி வைப்பதுதானே முறை. தாளாளர் அந்தப் பட்டியலைப் பார்த்திருக்கிறார். எந்த வகுப்பிலிருந்து எந்த ஆசிரியருக்கு எத்தனை என்று பிரித்துத் தரச் சொல்லியிருக்கிறார். ஆசிரியர் கூட்டத்தில் அதைத் திரையில் போட்டு, இன்கிரிமென்ட் பேசும்போது இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். கெட்ட எண்ணம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த அறையில் உட்கார்ந்திருந்த இருபத்துச் சொச்சம் பேருக்கும் நன்றி மணி என்பது நன்றியாக இருந்தது அந்த வார்த்தையோடு முடிந்துபோனது.

மறுநாள் 8பி வகுப்பாசிரியை வகுப்புக்குள் வந்து, "எம்பது நோட்டு நம்ம கிளாஸுக்கு வந்துச்சு. எனக்கு வந்தது பதிமூணு. மத்ததெல்லாம் யாருக்குக் கொடுத்தீங்க?" என்று கேட்டார். திட்டவில்லை, சத்தம் போடவில்லை. வரிசையாக எழுந்து சொல்லச் சொன்னார். கையில் பட்டியல் இருந்தது, பொய் சொன்னால் தெரிந்துவிடும் என்று பிள்ளைகளுக்குப் புரிந்தது. என் மகள் அந்த வகுப்பு. வரிசை எண் 9. அவளுடைய நோட்டுகள் 0417-உம் 0418-உம்.

0418 தமிழ் டீச்சருக்கு. 0417 கணக்கு சாருக்கு. கணக்கு சாரைப் பிள்ளைகளுக்குப் பிடிக்காது என்பது பள்ளி முழுக்கத் தெரிந்த செய்தி. மார்க் போடக் கை வராது, சிரிக்க மாட்டார், வீட்டுப்பாடம் இல்லையென்றால் வெளியே நிற்க வேண்டியதுதான். அந்தப் பருவத்தில் மொத்தமாகவே அவருக்கு வந்தது நான்கோ ஐந்தோ. "அவருக்கு ஏன் கொடுத்த?" என்று டீச்சர் கேட்டிருக்கிறார். கிண்டலாக அல்ல, உண்மையிலேயே ஆச்சரியப்பட்டு. வகுப்பு சிரித்திருக்கிறது. மகள், "காம்பஸ் பாக்ஸ் கீழ விழுந்துச்சு, எடுத்துக் கொடுத்தார் மிஸ்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

உண்மை என்னவென்று அன்றைக்கு ராத்திரி, நம்பர் கேள்வி கேட்டதற்கும் அரை மணி நேரம் முன்னால், அவள் அம்மாவிடம்தான் சொன்னாள். நான் அடுத்த அறையில் இருந்தேன். ஜூலையில் என் அம்மா, அவளுடைய அப்பத்தா, இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பள்ளிக்குப் போன முதல் நாள், கணக்குப் பாடத்தின் நடுவே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சார் கரும்பலகையில் எழுதிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "ஸ்டாஃப் ரூம் வராந்தால என் மேஜை மேல ஒரு நோட்டு இருக்கு, அதுல இருக்கிற கணக்கப் போட்டுக்கிட்டு இரு, பெல் அடிச்சா வா" என்று அனுப்பியிருக்கிறார். போய்ப் பார்த்தால் மேஜையில் வெற்று நோட்டு. அந்தப் பீரியட் முழுக்க அங்கே உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அதற்கு அடுத்த மூன்று நாளும் கணக்குப் பாடம் வந்தால், அதே மாதிரி, ஒரு வார்த்தை கூடக் கேட்காமல் அனுப்பியிருக்கிறார். நான்காம் நாள் அவளே போகவில்லை. வகுப்பில் ஒருத்தருக்கும் விஷயம் தெரியாது. எனக்கும் தெரியாது. அவள் எங்களிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயத்துக்கு நன்றி சொல்ல நான் வரைந்த தாளைத்தான் எடுத்துப் போயிருக்கிறாள், காரணம் சொல்ல வேண்டாம் என்று நாங்கள் சொன்னதை நம்பி.

நம்பர் இல்லாமல் இருந்திருந்தால் அவள் எழுந்து நின்றிருக்க வேண்டியதில்லை. இதைத்தான் அவள் கேட்டாள். நான் நோட்டுன்னா நம்பர் இருக்கும் என்றேன்.

வகுப்பாசிரியை மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பதினொரு வருஷமாக அங்கே இருக்கிறார், இன்கிரிமென்ட் என்ற சொல்லைக் கேட்டுவிட்டு அன்றைக்கு ராத்திரி தூங்கியிருப்பாரா என்று தெரியவில்லை. தனியார் பள்ளி ஆசிரியர்களின் சம்பளம் என்ன லட்சணத்தில் இருக்கிறது என்பதை நான் இங்கே விளக்க வேண்டியதில்லை. கடையில் நிற்கிற பையனுக்கும் அவர்களுக்கும் பல ஊர்களில் பெரிய வித்தியாசம் கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் சம்பளத்தோடு ஒட்டிப் பேசப்படுகிற எந்தத் தாளும் பாராட்டாக இருக்க முடியாது. இதை அச்சடிக்கும் முன் நான் யோசித்திருக்க வேண்டும், டீச்சர் மகன்தானே.

எழும்பூர், லண்டன், பஸ் டூட்டி

இதற்குப் பிறகு இந்தப் பாராட்டுச் சீட்டெல்லாம் எங்கே தொடங்கியது என்று படிக்க ஆரம்பித்தேன். ஆச்சரியம் என்னவென்றால், தேடிக்கொண்டே போனால் கதை நம் எழும்பூரில் வந்து நிற்கிறது. ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789-இல் மெட்ராஸில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான ஆண்கள் அநாதை விடுதிக்குப் பொறுப்பேற்றார். நம் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து, அதையே விடுதியிலும் கொண்டுவந்தார். பெரிய பையன்களை வைத்துச் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார், அதாவது நம் சட்டாம்பிள்ளை. ஊர் திரும்பி 1797-இல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். மெட்ராஸ் முறை என்று அதற்குப் பெயரே ஆகிவிட்டது. 1798-இல் லண்டனில் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டர் கிட்டத்தட்ட இதே வழியைப் பின்பற்றிப் பெரிதாக்கினார். ஒரே ஆசிரியர், ஒரே கூடம், நூற்றுக்கணக்கில் பிள்ளைகள். அங்கேதான் சீட்டு வருகிறது. நன்றாகச் செய்கிற பையனுக்குப் பாராட்டுச் சீட்டு, இத்தனை சீட்டு சேர்ந்தால் பந்து, பட்டம் என்று பரிசு. அதே கூடத்தில் தப்பு செய்தவனைக் கூடையில் உட்காரவைத்து உத்திரத்தில் தொங்கவிட்டு எல்லோரும் பார்க்கும்படி செய்ததும் நடந்தது.

இதில் எனக்கு உறைத்தது ஒன்று உண்டு. திண்ணையில் இருபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வாத்தியாருக்குச் சீட்டு தேவைப்படவில்லை. யார் என்ன செய்தான் என்று அவருக்கே தெரியும். (அங்கே பிரம்பும், பையனைக் கயிற்றில் தொங்கவிடுகிற கோதண்டமும் இருந்தன, அந்தக் காலத்தை நான் புகழவில்லை.) பார்க்க முடியாத அளவு கூட்டம் சேர்ந்தபோதுதான், பார்ப்பதற்குப் பதிலாகச் சீட்டு வந்தது. எங்கள் தாளாளரும் அதைத்தான் செய்தார் என்று நினைக்கிறேன். எட்டாம் வகுப்பு வராந்தாவில் என்ன நடக்கிறது என்று அவரால் பார்க்க முடியாது, திரையில் ஓர் அட்டவணை இருந்தால் பார்த்த மாதிரி இருக்கிறது. கணக்கு சாருக்கு நேராக 4 என்று போட்டிருந்தால் அவரைப் பார்த்தாயிற்று.

பஸ் டூட்டி விஷயத்தையும் அப்புறம்தான் முதல்வர் சொன்னார். முன்பெல்லாம் ஒரு டீச்சர் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருவர், நான் நிற்கிறேன், நீங்க கிளம்புங்க என்று சாயங்காலம் பஸ் பக்கம் போய் நின்றுகொள்வார். 25 மணி என்று விலை வைத்த பிறகு அது குறைந்துபோனது. நான் சேர்த்து வைத்து வாங்கிய வாரம் இது, இதில் ஏன் நிற்க வேண்டும் என்று ஒருவர் கேட்டேவிட்டாராம். கேட்டதில் தப்பில்லை, விலை வைத்தது நாங்கள். இஸ்ரேலில் ஹைஃபா நகரத்துக் குழந்தைகள் காப்பகங்களில் உரி க்னீசி, ஆல்டோ ருஸ்டிச்சினி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் செய்து 2000-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பிள்ளையைக் கூட்டிப் போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு 10 ஷெகல் அபராதம் போட்டுப் பார்த்தார்கள். தாமதம் கூடிவிட்டது. அதுவரை ஆயா காத்திருக்கிறாரே என்று ஓடி வந்தவர்கள், காசு கொடுக்கிறோமே என்று மெதுவாக வர ஆரம்பித்தார்கள். அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அந்தக் கடைசி வரியைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் நாங்களும் 25 மணி என்ற விலையை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம்.

நம்பர் இல்லாமல்

டிசம்பரில் முதல்வரைப் பார்த்துப் பேசினேன். மகள் கதையைச் சொல்லவில்லை, அது அவளுடையது, இங்கே எழுதுவதற்கும் அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். நன்றி மணியில் நம்பர் கூடாது, ஆபீசில் எண்ணக் கூடாது, எதற்கும் மாற்றக் கூடாது என்று மூன்று விஷயம் சொன்னேன். அப்படியென்றால் அது பணமே இல்லையே என்றார் முதல்வர். ஆமாம் மேடம், இல்லைதான் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தாளாளரிடம் நானும் வரவேண்டும் என்றார். தாளாளர் எளிதில் ஒத்துக்கொள்ளவில்லை. எண்ண முடியாத ஒன்றை எதற்கு அச்சடிக்க வேண்டும் என்று கேட்டார், அது நியாயமான கேள்வி. உங்களுக்கு உங்கள் வாத்தியார் யாராவது ஞாபகம் இருக்கிறாரா சார் என்று கேட்டேன். அவர் பதில் சொல்ல ஆரம்பித்தார், ஆறாம் வகுப்பு, சாத்தூர், சைக்கிளில் வருகிற ஒரு டிராயிங் மாஸ்டர். இருபது நிமிஷம் அதையே பேசினார். கடைசியில், பஸ் டூட்டியை இனி மாறி மாறி எல்லோருக்கும் சமமாகப் போட்டுவிடலாம், இன்கிரிமென்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எழுதியே கொடுக்கிறேன் என்றார். எழுதிக் கொடுத்துவிட்டார். இன்கிரிமென்ட் எவ்வளவு என்பதை அவர் சொல்லவில்லை, நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. ஆயாக்களுக்கும் டிரைவர்களுக்கும் வாட்ச்மேனுக்கும் நன்றி மணி கொடுக்கலாம் என்று சேர்த்துக்கொண்டது மட்டும் முதல்வருடைய யோசனை, எனக்கு அது தோன்றவே இல்லை.

பிள்ளைகளின் மணியில் நம்பர் அப்படியே இருக்கிறது. அதைக் கடையில் கொடுத்துப் பென்சில் வாங்குகிறார்கள், யார் கொடுத்தது என்று யாரும் எழுதி வைப்பதில்லை, நம் பையில் இருக்கிற ரூபாய் நோட்டு மாதிரி. அதையும் எடுத்துவிடலாமா என்று எனக்கு இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை.

போன வாரம் நன்றி மணி மறுபடி அச்சானது. கள்ள நோட்டைப் பற்றி அண்ணாச்சிதான் கேட்டார். ஒரு பிள்ளை கூடுதலாக ஒரு நன்றி நோட்டை ஜெராக்ஸ் எடுத்து ஒருவருக்குக் கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம் அண்ணாச்சி என்றேன். டிரெடில் பக்கம் போகவே இல்லை. முன்பு நம்பர் இருந்த வலது கீழ்மூலையில் கம்பிக் கோலத்துக்கு நடுவே ஒரு வெற்றிடம் கிடந்தது. ஒரு பூ போட்டு அடைத்துவிடலாம் என்று மௌஸைக் கொண்டுபோனவன் அப்படியே விட்டுவிட்டேன். வெட்டாத புரூஃப் தாள் ஒன்றைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மகள் கத்தரிக்கோல் எடுத்து வந்து, இருபதில் ஒன்றை மட்டும் ஓரம் பிசகாமல் வெட்டி எடுத்தாள். கணக்கு நோட்டை வைத்து நேராக அழுத்தினாள். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இரண்டாக மடித்துப் பென்சில் பாக்ஸில் வைத்துக்கொண்டாள்.

யாருக்கு என்று கேட்க வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் மிச்சத் தாளைச் சுருட்டி அலமாரி மேல் வைக்கப் போய்விட்டேன்.